மெஷினில் சிக்கிய முடி

"இந்த மெஷினைக் கொன்னது முடி. அது யார் முடின்னு நான் வேற வாயைத் திறந்து சொல்லணுமா?" என்றாள் செகரட்டரியம்மா.

கட்டடத்துச் சங்கத்துக்குச் செகரட்டரி என்னவோ அவள் புருஷன்தான். உத்தியோகம் பார்ப்பது அவள்.

கட்டடம் முழுவதுக்கும் பொதுவான வாஷிங் மெஷின் அது. நாலு நாளாக முக்கி முனகிக்கொண்டிருந்தது, இன்றைக்கு வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டது. கீழ்த்தளத்து அறையில், கணுக்கால் அளவு சோப்புத் தண்ணீரில், பன்னிரண்டு குடித்தனமும் நின்றது. அத்தனை கண்ணும் மூணாவது மாடி மருமகளின் முதுகுக்குப் போயிற்று. அங்கே முழங்கால் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது சாட்சி.

கட்டடத்தில் அவளுக்குப் பேரே சடைக்காரிதான்.

"நான் ஒவ்வொரு துணியையும் உதறிட்டுத்தாங்க போடறேன்," என்றாள் சடைக்காரி.

சொன்னது நிஜம். தலைக்குக் குளிக்கும் முன்பே நுனியிலிருந்து சிக்கெடுத்து, உதிர்ந்த முடியைச் சுருட்டி, தாளில் மடித்துக் குப்பையில் போடுகிறவள் அவள். ஆனால் நிஜத்துக்கு அந்த அறையில் நிற்க இடம் இல்லை. தண்ணீரே அவ்வளவு நின்றது.

ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். ஒருத்தி தன் போர்வையில் ஒரு முழம் முடியைக் கண்டாளாம். இன்னொருத்தி போன வருஷமே கண்டாளாம், பெருந்தன்மையாகச் சொல்லாமல் இருந்தாளாம். தரைத்தளத்து வழுக்கைத்தலையர் மட்டும் நிம்மதியாகத் தலையைத் தடவிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தலை அவருக்கு உதவி செய்திருக்கிறது.

செகரட்டரியம்மா தும்மினாள். அவளுக்கும் நாலு நாளாக ஜலதோஷமாம், தலையில் சுற்றிய துண்டை அவிழ்க்கவே இல்லை. இல்லாவிட்டால் இடுப்பைத் தொடும் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டுதான் நியாயம் பேசுவாள்.

"எனக்கும்தான் இடுப்பு வரைக்கும் இருக்கு. ஒரு இழை கீழ விழுந்து யாராவது பார்த்திருக்கீங்களா? முடியை வளர்த்தா போதாதும்மா. அடக்கி வெச்சுக்கத் தெரியணும்."

தீர்ப்பும் தயாராகவே இருந்தது. முடி சடைக்காரியுடையது என்றால் ஒரு மாசத்துக்கு அவள் மெஷினைத் தொடக்கூடாது.

சடைக்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மேலே மாமனார் படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு நாலு விரிப்பு. அதையெல்லாம் கையால் கசக்கிப் பிழிந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று அவள் இடுப்புக்குத்தான் தெரியும்.

"நல்லாப் பாருங்கண்ணே," என்றாள், மெஷினைப் பழுதுபார்க்க வந்திருந்த மெக்கானிக்கிடம். "என்னுதா இருக்காது."

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, அடியில் இருந்த மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவினார். இழுத்தார். கறுப்பாக, நீளமாக, செத்த பாம்பு மாதிரி வந்தது.

கூட்டத்துக்குப் பரம திருப்தி.

மெக்கானிக் மட்டும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "அம்மா, இது வந்து..."

"அதைப் போய் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு. தூக்கிக் குப்பையில போடுப்பா," என்றாள் செகரட்டரியம்மா. குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் இல்லையா, பின்னே.

சடைக்காரி கையை நீட்டி அதை வாங்கினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து செகரட்டரியம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்தாள். மற்ற எல்லாரும் சடைக்காரியைப் பார்த்தார்கள்.

"என்னுதுதான்," என்றாள் சடைக்காரி.

மெக்கானிக் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எங்க காலாவது நனையாம இருந்திருக்கும்," என்றார் வழுக்கைத்தலையர்.

தீர்ப்பு அந்த நிமிஷமே அமலுக்கு வந்தது. மூணு நாள் சடைக்காரி குளியலறையில் உட்கார்ந்து பன்னிரண்டு விரிப்பைக் கசக்கினாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிற்று.

நாலாம் நாள் காலையில் செகரட்டரியம்மாவுக்கு ஜலதோஷம் போன இடம் தெரியவில்லை. பின்னல் இடுப்பில் புரள, பளபளவென்று கீழே இறங்கி வந்தாள். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்து, சடைக்காரியையும் மேலிருந்து வரவழைத்தாள்.

"பாவம், நோயாளியை வெச்சுக்கிட்டு அல்லாடறா. தப்புப் பண்ணினா, ஒத்துக்கிட்டா. நான் மன்னிச்சுட்டேன். இன்னையிலேருந்து அவ மெஷின்ல போட்டுக்கட்டும்." பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். "மன்னிக்கறதுக்கும் ஒரு மனசு வேணும், என்ன சொல்றீங்க?"

எல்லாரும் உருகிவிட்டார்கள். வழுக்கைத்தலையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. சடைக்காரி மேலே போய் விரிப்புகளை எடுத்து வந்து, வழக்கம்போல ஒவ்வொன்றாக உதறி மெஷினில் போட்டாள். அப்புறம் செகரட்டரியம்மாவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து உங்க கதவுல ஒரு பையை மாட்டிட்டு வந்தேனேக்கா, எடுத்துக்கிட்டீங்கன்னு பார்த்தாலே தெரியுது. இனிமே சவுரி முடியைத் துண்டோட சுருட்டி மெஷின்ல போட்டுடாதீங்க, பச்சைத்தண்ணியில கையால அலசுங்க. மேல நூல்கட்டு அவுந்திருந்துச்சு, நானே இறுக்கித் தைச்சு விட்டிருக்கேன். இருந்தாலும், மன்னிக்கும்போது தலையை ரொம்ப ஆட்டாதீங்க."