ஆஸ்பத்திரிக்குப் போற அலங்காரம்

"அங்க என் தம்பி மூச்சுக்கு அல்லாடிட்டிருக்கான். இங்க இவளுக்கு மை கேக்குது!"

போனில் தங்கையிடம்தான் சொன்னாள் பெரியக்கா. ஆனால் குளியலறைக்குள் நிற்கிற தம்பி மனைவிக்கும் கேட்கட்டும் என்று வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள்.

தம்பி மனைவி திரும்பவே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முதலில் லென்ஸைப் போட்டுக்கொண்டாள். அப்புறம் பென்சிலைச் சீவினாள். இமைக்கு வெளியே மட்டும் ஒரு கோடு. உள்பக்கம் பட்டால் லென்ஸில் ஒட்டிக்கொண்டு நாள் பூரா உறுத்தும். கடைசியில் மீன் வால் மாதிரி ஒரு சின்ன வளைவு.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறியா, ரிசப்ஷனுக்குப் போறியா?"

"வந்து சொல்றேங்க்கா. நேரமாச்சு."

அவ்வளவுதான், போயே போய்விட்டாள்.

"பார்த்தியாடி?" என்று போனில் தொடர்ந்தாள் அக்கா. "இத்தனை வருஷம் சோடாபுட்டிக் கண்ணாடியோட இருந்தவ, புருஷன் ஐ.சி.யூ.வுல படுத்ததும் லென்ஸுக்கு மாறிட்டா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஏன்னா, அழுதா மை கலைஞ்சிடும் பாரு!"

ஒரு வேளைக்கு ஒருத்தரைத்தான் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு வேளையும் அவளே போனாள். தூக்கி வளர்த்த அக்கா வெளியே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த எரிச்சலும் இருக்கத்தானே செய்யும்?

மறுநாள் காலை தம்பி மனைவி அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு கண் வீங்கி, ரத்தமாகச் சிவந்திருந்தது.

"லென்ஸைக் கழட்டாம தூங்கிட்டேங்க்கா. ராத்திரியே ஆஸ்பத்திரியில காட்டினேன், கண்ணுல கிருமி தொத்திடுச்சாம். லென்ஸும் கூடாது, மையும் கூடாதுன்னுட்டாங்க. ஐ.சி.யூ. பக்கமே வரக் கூடாதாம். நீங்க போங்க."

"அலங்காரம் பண்ணினா இப்படித்தான் ஆகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா கிளம்பினாள்.

ஐ.சி.யூ. வாசலில் அவளுக்கும் பச்சை அங்கி மாட்டினார்கள். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். கண்ணைத் தவிர வெளியே தெரிய ஒன்றும் இல்லை.

தம்பி தொண்டையில் குழாயோடு கிடந்தான். அவள் கையை நீட்டியதும் மிரண்டு போய்த் தோளைச் சுருக்கிக்கொண்டான்.

"நான்தான்டா. அக்காடா."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் கேட்டாள், "மை போட்டுக்கிட்டு வர்ற அம்மா இன்னைக்கு வரலையா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஏன், அந்த அலங்காரம் இங்கேயும் பேச்சாயிடுச்சா?"

"இவருக்கு அதுதாங்க அடையாளம். நாங்க எல்லாரும் ஒரே பச்சை உடுப்பு, ஒரே மாஸ்க். யாரு கிட்டப் போனாலும் ஊசி குத்தத்தான் வர்றோம்னு பயப்படுறார். முதல் நாள் அந்தம்மா மூக்குக்கண்ணாடியோட வந்தாங்க. மாஸ்க் மூச்சுல கண்ணாடி பூரா ஆவி படிஞ்சுபோச்சு. பொண்டாட்டின்னே தெரியாம கையைத் தட்டிவிட்டுட்டார். மறுநாள் லென்ஸும் மையுமா வந்தாங்க. கல்யாணத்தப்போ அப்படித்தான் வாலு வெச்சுப் போடுவாங்களாம். பார்த்த உடனே இவர் விரலை நீட்டினார்."

அக்கா தம்பியின் விரலைப் பார்த்தாள்.

"இவர் முன்னாடி அழவே மாட்டாங்க. வெளிய போய், லென்ஸைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டு, அப்புறம்தான் அழுவாங்க. நேத்து அதுக்குக்கூட தெம்பில்லாம நாற்காலியிலேயே தூங்கிட்டாங்க."

வெளியே டாக்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "சாயங்காலம் ஒரு தடவை வந்து பார்த்துடுங்க. அதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாது."

அக்கா வீட்டுக்கு வந்தபோது தம்பி மனைவி பழைய மூக்குக்கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிங்க்கா இருக்கார்? என்னைத் தேடினாரா?"

அக்கா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அதை மென்று முழுங்காமல் சொல்லத்தான் பாடாய்ப் பட்டாள். கேட்டவள் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள்.

"என்னை விட மாட்டாங்களே அக்கா! எங்கே போயிட்டா இவன்னு கதவையே பார்த்துக்கிட்டிருப்பாரே!"

அக்கா குளியலறைக்குள் போனாள். அலமாரியில் இருந்த மைப் பென்சிலை எடுக்கப் போன சமயத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அதைத் தொடாதீங்க! என் கண்ணுல பட்டது, உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"இதே மாதிரிதானான்னு பார்க்கத்தான். வர்ற வழியில கடையில வாங்கின புதுசு ஒண்ணு இருக்கு" என்று அக்கா கைப்பையைத் திறந்து, உறை பிரிக்காத பென்சிலை எடுத்தாள். "நீ கிட்ட வராதே. வாசல்ல நின்னே சொல்லு, நான் இழுத்துக்கறேன்."

"எதுக்குங்க்கா?"

"சாயங்காலம் உள்ள போகப் போறது நான்தானே? முகத்துல கண்ணு மட்டும்தானே தெரியப்போகுது? அவன் தேடுறது என்னை இல்லம்மா. அந்த மீன் வாலை எப்படிப் போடுவே, சொல்லு. போறப்போ அவன் உன்னைப் பார்த்துட்டே போகட்டும்."

பழக்கமில்லாத கை. கோடு நடுங்கியது. பாதிக்கு மேல் இழுக்க முடியாமல் அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் நின்றவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அழாதீங்க அக்கா. மை கலைஞ்சிடும்."