வெளிச்சத்துக்கு நிற்பவள்

பூங்காவின் திறந்தவெளி மேடையில் விளக்குப் போடுவது அப்பாவின் வேலை. மாலையில் ஆட்டக்காரர்கள் வருமுன் யாராவது மேடை நடுவில் நிற்க வேண்டும். அந்த ஆள்மேல் வெளிச்சம் சரியாக விழும்வரை அப்பா ஏணியில் நின்று விளக்கைத் திருப்புவார். முன்பு அக்கா நிற்பாள். பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படிப்பா இருக்கேன்?" என்று தினமும் கேட்பாள். காய்ச்சலில் அவள் போன பிறகு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட நான் நிற்கிறேன்.

எனக்குக் கண் கூசும். அதனால் பக்கவாட்டில் திரும்பி, பின்சுவரில் விழும் நிழலை ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

"மூஞ்சியக் காட்டுடி. அந்தச் சுவரா உனக்கு மாப்பிள்ளை?" என்பார் அப்பா.

என் முடி கழுத்தோடு வெட்டியது. நிழலுக்குப் பின்னல் இருக்கிறது. முதல் நாள் அது இடுப்புவரை இருந்தது. இப்போது முழங்காலைத் தொடுகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாளை முதல் தானாகத் திரும்பும் விளக்குகள் வந்துவிடும். யாரும் நிற்க வேண்டியதில்லை.

இன்று வெளிச்சம் சீக்கிரமே சரியாக விழுந்துவிட்டது.

"இறங்கட்டுமாப்பா?"

"இரும்மா. இன்னும் சரியா விழல."

ஆட்டக்காரர்கள் வந்து மேடையோரம் செருப்பைக் கழற்றினார்கள். நான் அசையாமல் நின்றேன். சுவரில் பின்னல் மெல்லத் தோளைத் தாண்டி முன்னால் வந்து விழுந்தது.

"நல்லா இருக்கேடா கண்ணு," என்றார் அப்பா, ஏணியிலிருந்து.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.