சனிக்கிழமை பத்து மணி

"இன்னிக்குமா?" என்றாள் மனைவி க்வென்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு எம்.பி.யைப் பார்க்கலாம்னு ஊருக்கே தெரியும். வர்றவங்க பூட்டின கதவையா பார்க்கணும்?" எம்ரிஸ் டையை இறுக்கினார்.

வேல்ஸின் அந்தச் சின்ன ஊரில், சர்ச் ஹாலில், மழையிலும் கூட்டம். க்வென் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

வீட்டுக் கூரை ஒழுகுவதாகச் சொன்னாள் கிழவி நெஸ்டா. எம்ரிஸ் அங்கேயே கவுன்சில்காரருக்குப் போன் போட்டு, சத்தம் போட்டு, திங்கட்கிழமை ஆள் வர ஏற்பாடு செய்தார்.

"வெக்கமா இருக்கு எம்ரிஸ். வியாழக்கிழமை நான் உனக்கு ஓட்டுப் போடலை."

"அதுக்காக உன் கூரை ஒழுகணுமா என்ன?"

வரிசையின் கடைசியில் நனைந்த கோட்டோடு ஓர் இளம்பெண் நின்றாள். எம்ரிஸ் சிரித்தார்.

"வாம்மா. உனக்கு என்ன பிரச்சினை?"

"நீங்கதான் சார். வியாழக்கிழமை உங்களைத் தோற்கடிச்சேன். அந்த நாற்காலி இப்போ என்னுது."

"அதான் உனக்காக ஆறாம சூடா வச்சிருக்கேன்." எம்ரிஸ் எழுந்தார். "உட்காரு. திங்கட்கிழமை நெஸ்டா வீட்டுக்கு ஆள் வந்தாச்சான்னு மட்டும் மறக்காம கேட்டுடு."

"என் புருஷன்!" என்றாள் க்வென், யாரும் கேட்காமலே, ஹால் முழுக்கக் கேட்கும்படி.