தோளில் நின்ற ஷட்டர்

கார் ஷெட்டில் கூடிய குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தலைவி ரங்கநாயகி நாற்காலியிலும், பொருளாளர் ரசாக் ஸ்கூட்டரிலும், செயலாளர் மாசிலாமணி கவிழ்த்த வாளியிலும் அமர்ந்திருந்தனர். வாட்ச்மேன் துரைக்கண்ணு உட்காரவில்லை. ஸ்பிரிங் அறுந்த ஷட்டரை, மெக்கானிக் வரும்வரை விழாமல் தோளில் தாங்கி நின்றார்.

"முரட்டுத்தனமா இழுத்தா அறுந்துடாதா?" என்றார் ரங்கநாயகி. "ஏஜென்சிக்கு எழுதுங்க சார். வேற ஆள் வரட்டும்."

"மூணு மாசமா கிறீச்சுனு கத்துது, கிரீஸ் வைக்கணும்னு சொன்னேனேம்மா" என்றார் துரைக்கண்ணு.

அவர் சொன்னது மாசிலாமணிக்கு நினைவிருந்தது. இருந்தும் 'வாட்ச்மேனின் கவனக்குறைவு' என்றே எழுதி உறையை ஒட்டினார்.

"பெட்டியில தபால் எடுக்க இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. யார் போறது?" என்றார் ரசாக்.

"நானே போட்டுடறேன். சார், இதைக் கொஞ்சம் பிடிங்க."

மாசிலாமணி தோள் கொடுத்தார். முழங்கால் மடங்கியது. துரைக்கண்ணு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிதானமாகத் தபால் பெட்டியை நோக்கி நடந்தார்.