மஞ்சள் குடை வரும் நேரம்

“தலையைத் தூக்காதீங்க. தூக்கினீங்கன்னா மண்டையிலேயே ஒண்ணு போடுவேன்” என்றாள் மனைவி துகினெம்.

மார்த்தோயோ தூக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கடல் தாண்டி ஜாவாவுக்கு வந்து, யோக்யா அரண்மனையின் மணல் முற்றத்தில் சம்மணம் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருந்தார் மனுஷர்.

அவருடைய அப்பா காடு திருத்திப் பிழைக்க இங்கேயிருந்து சுமத்ராவின் லாம்புங் பக்கம் போனவர். ஒருநாள் திரும்பி வந்து ராஜாவைக் கும்பிடணும் என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடிவிட்டார். அந்தக் கும்பிடு இப்போது மகன் தலையில்.

போதாக்குறைக்கு, வழியனுப்ப வந்த அண்ணன் பர்தி ஊர் முன்னாடியே சிரித்துவிட்டார். “டேய், நீ தூணையும் கதவையும் எண்ணிட்டுத்தான் வரப்போறே. உனக்காக ராஜா வாசல்ல பாய் விரிச்சுக் காத்திருக்காராக்கும்!”

அண்ணன் வாய் பலித்துவிடும் போலத்தான் இருந்தது. “ராஜா இந்தப் பக்கமெல்லாம் வர்றதில்லைங்க” என்று டிக்கெட் கொடுத்தவர் சொன்னதும் மார்த்தோயோவின் முகம் சுண்டிப் போயிற்று. துகினெம்தான் உள்ளே போய் யார் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள்.

“பதினொரு மணிக்கு மஞ்சள் குடை இந்த வழியாத்தான் வருமாம். வாங்க, வந்து உட்காருங்க.”

“குடைக்குக் கீழ ராஜாவா?”

“பின்னே, உங்க அண்ணனா வருவார்? கேள்வி கேக்காம குனிங்க.”

எங்கேயோ மணி அடித்தது. “வழி விடுங்க, வழி விடுங்க” என்று கூட்டம் ஒதுங்கியது. குனிந்திருந்தவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சேலைக்கரை போல அசைந்து வந்த பாத்திக் துணிகளின் ஓரமும், ஐந்து பெண்களின் வெறுங்கால்களும், குடையின் வட்ட நிழலும்தான்.

மல்லிகை வாசனை கமகமவென்று வந்தது. ராஜ வாசனைதான், ஆனாலும் என்னவோ தினமும் விடியற்காலையில் தன் வீட்டு அடுப்படியில் முகர்ந்த மாதிரியே இருந்தது அவருக்கு.

கைகளைக் கூப்பி மூக்கு நுனியில் வைத்துக்கொண்டார். “மகாராஜா, லாம்புங்லேர்ந்து வந்திருக்கேன். எங்கப்பாவால வர முடியலைங்க. அவர் கும்பிடையும் சேர்த்து வாங்கிக்கணும்.”

நிழல் ஒரு நொடி நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து போயிற்று.

நிமிர்ந்தபோது மீசையெல்லாம் கண்ணீர். அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

“என்னடா, எத்தனை தூண் இருக்கு?”

“தூணாவது ஒண்ணாவது! ரெண்டு முழத்துல போனார் அண்ணே. குடை நிழல் என் தலைமேலேயே விழுந்துச்சு. அப்பாவைப் பத்திச் சொன்னேன். நின்னு கேட்டுட்டுப் போனார்!”

 பர்தியின் கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“டேய், நானும் இன்னிக்கே பஸ் ஏறுறேன். வியாழக்கிழமை என்னையும் அதே எடத்துல உட்கார வச்சிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

மார்த்தோயோ முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும், துகினெம் விறுவிறுவென்று வாசல் காவல்காரப் பெரியவரிடம் ஓடினாள்.

“ஐயா, வியாழக்கிழமையும் இதே பதினொரு மணிக்குத்தானே ராஜாவோட மல்லிகை டீக்குக் குடை பிடிச்சுக் கொண்டு போவாங்க?”