விரல் வைத்த இடம்

புது வூஃபர் ஸ்பீக்கருக்காகக் குணாளன் வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துச் செய்த கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயருக்கு அன்றுதான் முதன்முதலாகக் கரண்ட் கொடுத்தான். பாட்டு எதையும் இணைக்கவில்லை. போர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, இதைச் செய்கிற எல்லோரையும் போல இன்புட் முனையை விரலால் தொட்டான். உடம்பின் இரைச்சல் வூஃபரில் ‘ம்ம்ம்’ என்று இறங்கியது.

குழந்தை தவறிப்போய், தொட்டிலைக் கழற்றிய நாளிலிருந்து சரியாகத் தூங்காத அவன் மனைவி தெய்வானை எழுந்து வந்தாள். “நல்லாருக்குங்க, நிறுத்தாதீங்க” என்று வூஃபர் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

அவன் விரலை எடுக்கவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கியது. வாசலில் யாரோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். போர்டில் முனைக்குப் பக்கத்திலிருந்த செம்புக்கம்பிச் சுருள் சூடேறி விரலைச் சுட ஆரம்பித்தது. பொறுத்துப் பார்த்தான். முடியாமல் மெல்ல எடுத்தான்.

சத்தம் நின்றது. கண் திறக்காமலே தெய்வானையின் கை பெட்டியைத் தட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு வேகவேகமாக.

“மூச்சு விடு கண்ணு. மூச்சு விடுடா.”

வெந்த விரலை மறுபடியும் முனையில் வைத்தான்.