ரெண்டு இழுப்பு

மூச்சுக்கு விலை எழுநூறு ரூபாய் என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா? பேசி ஐந்நூற்றைம்பதுக்கு முடித்தேன். ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனைக்கு ஊதப்போகிறவள் முத்திருளாயி, என் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் பதினெட்டு வருஷமாகக் காம்பு கிள்ளுகிறவள். நுரையீரல் கெட்டிருப்பதாகச் சோதனையில் வந்தால் வத்தல் தூசிதான் காரணம் என்று டாக்டர் எழுதுவார், நஷ்டஈடு என் தலையில் விழும்.

வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, இறுக்கமாக உடுத்தக்கூடாது, முக்கியமாகக் காலையில் இன்ஹேலர் இழுக்கக்கூடாது, இழுத்தால் கெட்ட மூச்சும் நல்லதாகக் காட்டும் என்று முந்தின நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள். முத்திருளாயி தன்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். நான் பேரம் பேசாமல் புதிது ஒன்று வாங்கி, ஆட்டோவில் வைத்து நீட்டினேன்.

"அந்தப் பொண்ணு வேண்டாம்னுச்சே, மொதலாளி?"

"அது ஆயிரம் சொல்லும். அங்க போயி மூச்சு முட்டி விழுந்துட்டா? ரெண்டு இழுப்பு இழுத்துக்கோ, தாயி."

என் அக்கறையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இழுத்தாள்.

குழாயில் ஊதி முடித்து, ரிப்போர்ட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். "பாஸாயிட்டேன் மொதலாளி! ஒண்ணுமில்லையாம். திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடறேன்."

நூற்றுக்கு எண்பத்திரண்டு என்று போட்டிருந்தது. அதில் அவளுடையது எத்தனை, நான் ஏற்றிவிட்டது எத்தனை என்று கழித்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.